காய்ச்சலை முந்த வேண்டிய பாடம்

தொற்றுநோயை முதலில் நேருக்கு நேர் பார்ப்பவர்கள் செவிலியர்கள், தூய்மைப் பணியாளர்கள், ஆம்புலன்ஸ் ஊழியர்கள். அவர்களுடைய செல்போனுக்கு இன்று பாடம் சில மணி நேரத்தில் வந்துவிடுகிறது. அது கைப்பழக்கமாக மாற என்ன செய்ய வேண்டும்?

2001 ஜனவரி கடைசி. மேற்கு வங்கத்தின் சிலிகுரி நகர மருத்துவமனைகளில் ஒரு காய்ச்சல் பரவத் தொடங்கியது. தலைவலி, வாந்தி, நினைவு தடுமாற்றம், சிலருக்கு மூச்சுத்திணறல். அடுத்த சில வாரங்களில் 66 பேர் பாதிக்கப்பட்டார்கள். 45 பேர் இறந்துபோனார்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் மருத்துவமனை ஊழியர்கள் அல்லது நோயாளிகளைப் பார்க்க வந்தவர்கள். நோயைக் குணப்படுத்த வேண்டிய இடத்திலேயே நோய் பரவியிருந்தது. அது என்ன நோய் என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. நிபா வைரஸ்தான் காரணம் என்பதை உறுதிசெய்த ஆய்வு 2006-ல்தான் வெளியானது.

பதினேழு ஆண்டுகள் கழித்து அதே வைரஸ் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்துக்கு வந்தது. 2018 மே மாதத் தொடக்கத்தில் பேராம்பிரா பகுதியைச் சேர்ந்த ஓர் இளைஞர் காய்ச்சலோடு தாலுகா மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பிறகு கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரிக்கு மாற்றப்பட்டு அங்கே இறந்தார். சில நாள்களில் அவருடைய அண்ணனுக்கும் அதே அறிகுறிகள். கோழிக்கோடு பேபி மெமோரியல் மருத்துவமனையில் அவரைப் பரிசோதித்த டாக்டர் அனூப் குமாரின் குழுவுக்குச் சந்தேகம் எழுந்தது. ஒரே குடும்பத்தில், ஒருவர் பின் ஒருவராக, மூளையைத் தாக்கும் காய்ச்சல். மாதிரிகள் மணிப்பால் வைரஸ் ஆய்வகத்துக்குச் சென்றன. புனே தேசிய வைராலஜி நிறுவனம் மே 20 அன்று நிபாவை உறுதிசெய்தது. சிலிகுரியில் ஆண்டுக்கணக்கில் பிடித்த வேலை இங்கே மூன்றே நாள்களில் முடிந்தது.

ஆனாலும் அந்த முதல் நோயாளி வார்டில் படுத்திருந்த நாள்களைத் திரும்பப் பெற முடியவில்லை. பின்னர் நடந்த விசாரணை ஆய்வு மொத்தம் 23 பேருக்கு நோய் தொற்றியதாகக் கணக்கிட்டது. அவர்களில் 21 பேர் உயிரிழந்தார்கள். முதல் நோயாளியைத் தவிர மற்ற அனைவருக்கும் இன்னொரு மனிதரிடமிருந்தே தொற்று வந்திருந்தது. அவர்களில் ஒருவர், பேராம்பிரா தாலுகா மருத்துவமனையில் அந்த முதல் நோயாளியைக் கவனித்துக்கொண்ட செவிலியர் லினி புதுசேரி. நிபா உறுதியான மறுநாள், மே 21 அன்று, அவர் இறந்தார். இரண்டு சிறு குழந்தைகளின் தாய்.

லினி பணியில் இருந்த அந்த இரவில் அவருக்குத் தேவைப்பட்டது ஒரு முகக்கவசம், ஒரு ஜோடி கையுறை, அதோடு ஒரு தகவல்: இந்தக் காய்ச்சலைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. இந்த மூன்றாவது பாதுகாப்பைத்தான் இன்று உலகம் இணையம் வழியாகக் கொண்டுசேர்க்க முயல்கிறது.

முதல் பலி, முதல் வரிசையில்

மருத்துவப் பணியாளர்களைத் தொற்று முதலில் தாக்குவது ஒவ்வொரு கொள்ளைநோயிலும் நடந்திருக்கிறது. 2003-ல் சார்ஸ் பரவியபோது உலகம் முழுவதும் 8,096 பேர் பாதிக்கப்பட்டார்கள். அவர்களில் ஐந்தில் ஒருவர் மருத்துவத் துறையைச் சேர்ந்தவர். வியட்நாமின் ஹனோய் நகரில் அந்த நோயை முதலில் அடையாளம் கண்டு உலகை எச்சரித்த உலக சுகாதார நிறுவன மருத்துவர் கார்லோ உர்பானியும் அதே நோய்க்குப் பலியானார்.

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா. கினி, லைபீரியா, சியரா லியோன் மூன்று நாடுகளிலும் சாதாரண மக்களைவிட மருத்துவப் பணியாளர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு 21 முதல் 32 மடங்கு வரை அதிகமாக இருந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. சியரா லியோனின் கெனிமா மருத்துவமனையில் எபோலா சிகிச்சைக்குத் தலைமை தாங்கிய டாக்டர் ஷேக் உமர் கான் அந்த ஆண்டு ஜூலையில் இறந்தார். ஏற்கெனவே மருத்துவர்கள் குறைவாக இருந்த நாடு அது.

கொரோனாவின் கணக்கு இவற்றையெல்லாம் மிஞ்சியது. 2020 ஜனவரி முதல் 2021 மே வரை உலகம் முழுவதும் சுமார் 1,15,500 மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவால் இறந்திருக்கக்கூடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

நோயின் பெயர் நினைவில் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நைஜீரியா ஓர் உதாரணம். 2014 ஜூலையில் லைபீரியாவிலிருந்து விமானத்தில் வந்த ஒரு பயணி லேகோஸ் நகரின் தனியார் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மலேரியா என்று கருதி சிகிச்சை தொடங்கியிருந்தது. மறுநாள் அவரைப் பார்த்த டாக்டர் அமேயோ ஸ்டெல்லா அடடெவோ அதற்கு முன் எபோலா நோயாளியைப் பார்த்ததே இல்லை. ஆனால் சந்தேகப்பட்டார், நோயாளியைத் தனிமைப்படுத்தினார், அவரை வெளியே விடச் சொல்லி வந்த நெருக்கடிக்குப் பணியவில்லை. அந்த மருத்துவமனையில் நோயாளியைத் தொட்டவர்களிடையே தொற்று பரவத்தான் செய்தது. அடடெவோவும் ஆகஸ்ட் 19 அன்று இறந்தார். ஆனால் இரண்டு கோடிக்கு மேல் மக்கள்தொகை கொண்ட பகுதியில் நுழைந்த நோய், நாடு முழுவதற்குமாக 20 பேரோடு நின்றது. எட்டு உயிரிழப்புகள். அக்டோபர் 20 அன்று நைஜீரியா எபோலா இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது.

கிராமத்து மருத்துவருக்கு நிபுணர் துணை

தூரத்தில் இருக்கும் பணியாளருக்குத் திரை வழியாகக் கற்றுக்கொடுக்கலாம் என்ற யோசனை கொரோனாவுக்கு வெகுகாலம் முந்தையது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில், ஆல்புகர்கி நகரில், கல்லீரல் நிபுணராகப் பணியாற்றியவர் இந்தியாவில் பிறந்த டாக்டர் சஞ்சீவ் அரோரா. ஹெபடைடிஸ்-சி நோயாளிகள் நூற்றுக்கணக்கான மைல் பயணம் செய்து, மாதக்கணக்கில் காத்திருந்து அவரிடம் வந்தார்கள். வந்து சேரும்போது பலருக்கு நோய் முற்றியிருந்தது.

2003-ல் அவர் தொடங்கிய திட்டத்தின் பெயர் எக்கோ. நோயாளியை நகரத்துக்கு வரவழைக்காமல், கிராமத்து மருத்துவரையும் செவிலியரையும் வாரம் ஒருமுறை வீடியோ சந்திப்பில் உட்கார வைத்தார். அவர்கள் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசுவார்கள், நிபுணர்கள் வழிகாட்டுவார்கள், ஒருவருடைய நோயாளியிடமிருந்து எல்லோரும் கற்றுக்கொள்வார்கள். இது பலித்ததா? 2011-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு 407 நோயாளிகளை ஒப்பிட்டது. பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானவர்கள் 57.5 சதவீதம். கிராமப்புற மையங்களிலும் சிறைகளிலும் சிகிச்சை பெற்றவர்களில் குணமானவர்கள் 58.2 சதவீதம். பெருநகர நிபுணருக்குச் சமமாகக் கிராமத்து மருத்துவர் சிகிச்சை கொடுத்திருந்தார்.

இந்த முறை இந்தியாவுக்கும் வந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவத்தில் இதைப் பயன்படுத்துகிறது. கொரோனா நாள்களில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை, வெளியூர்த் தீவிர சிகிச்சைப் பிரிவுகளின் மருத்துவர்களோடு வீடியோவில் நோயாளி நோயாளியாக விவாதித்ததும் இதே வழிதான். வென்டிலேட்டர் வந்து இறங்கியிருக்கும். அதை இயக்கத் தெரிந்தவர் ஊரில் இருக்கமாட்டார். அந்த இடைவெளியில் உயிர்கள் போய்க்கொண்டிருந்தன.

நான்கு நாள் முந்திய பாடம்

மேற்கு ஆப்பிரிக்க எபோலாவில் உலக சுகாதார நிறுவனம் ஒரு கசப்பான பாடம் கற்றது. நோய் பரவும் வேகத்துக்குப் பயிற்சியாளர்களை விமானத்தில் அனுப்பி வகுப்பு எடுத்து முடிக்க முடியாது. 2017 ஜூனில் அது ‘ஓப்பன் டபிள்யூ.எச்.ஓ.’ என்ற இணையப் பயிற்சித் தளத்தைத் தொடங்கியது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரிலுள்ள ஹாஸோ பிளாட்னர் நிறுவனம் அதற்கான தொழில்நுட்பத்தைக் கொடுத்தது. கட்டணம் கிடையாது. இணைய வேகம் குறைந்த ஊரிலும் திறக்கும்படி பாடங்கள் சிறியவையாக அமைக்கப்பட்டன. தரவிறக்கி வைத்துக்கொண்டு இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்கலாம்.

அதன் உண்மையான சோதனை 2020-ல் வந்தது. வூஹானில் புதிய வைரஸ் பரவுவதாகச் செய்தி வந்துகொண்டிருந்த ஜனவரி 26 அன்றே, புதிய சுவாச வைரஸ்கள் குறித்த முதல் பாடம் அந்தத் தளத்தில் ஏறிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் சர்வதேச சுகாதார நெருக்கடியை அறிவித்தது ஜனவரி 30 அன்று. இந்தியாவின் முதல் கொரோனா நோயாளி திருச்சூரில் உறுதியானதும் அதே ஜனவரி 30 அன்று. உலகம் நெருக்கடி என்று ஒப்புக்கொள்வதற்கு நான்கு நாள் முன்பே, விருப்பப்பட்ட எந்தச் செவிலியரும் திறந்து படிக்கக்கூடிய பாடம் தயாராக இருந்தது.

பிறகு ஒவ்வொன்றாக வந்தன: கை கழுவும் முறை, கவச உடை, சோதனை மாதிரி எடுப்பது, மூச்சுத்திணறல் நோயாளியைக் கையாள்வது, தடுப்பூசி போடுவது. 40-க்கும் மேற்பட்ட மொழிகளில் பாடங்கள் வெளியாயின. 2021 முடிவதற்குள் பதிவுகளின் எண்ணிக்கை 50 லட்சத்தைத் தாண்டிவிட்டது. பயிற்சிக்கென்றே உலக சுகாதார நிறுவனம் பிரான்சின் லியோன் நகரில் எழுப்பிய அகாடமி வளாகம் 2024 டிசம்பரில் திறக்கப்பட்டது.

பள்ளிக்கூடத் தளத்தில் மருத்துவப் பாடம்

இந்தியாவில் மத்திய அரசு 2020 ஏப்ரலில் ‘ஐகாட் திக்‌ஷா’ பயிற்சித் தளத்தைத் தொடங்கியது. 2017 முதல் பள்ளி ஆசிரியர்களுக்காக இயங்கிவந்த திக்‌ஷா தளத்தின் மேலேயே இது கட்டப்பட்டது. புதிதாகத் தளம் கட்டிக்கொண்டிருக்க நேரமில்லாத நாள்கள் அவை. மருத்துவர்கள், செவிலியர்கள், ஆய்வகத் தொழில்நுட்பர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள் மட்டுமின்றி, தூய்மைப் பணியாளர்கள், காவல் துறையினர், என்.சி.சி., என்.எஸ்.எஸ். மாணவர்கள், செஞ்சிலுவைச் சங்கத் தொண்டர்கள் என்று யாரெல்லாம் களத்தில் இறங்க வேண்டியிருந்ததோ அவர்களுக்கெல்லாம் பாடம் இருந்தது. தனிமைப்படுத்தலிலிருந்து தீவிர சிகிச்சை வரை பிரித்துக் கொடுத்திருந்தார்கள்.

சென்னை அயப்பாக்கத்தில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவு இயல் நிறுவனம் இருக்கிறது. நோய் எங்கிருந்து கிளம்பியது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று துப்பறியும் களப் பயிற்சியை 2001 முதல் அது நடத்திவருகிறது. சில பத்துப் பேர் வளாகத்தில் தங்கிப் படிக்கும் அந்தப் பயிற்சிக்கு வெளியே, மருத்துவ ஆய்வின் அடிப்படைகளை என்.பி.டெல். இணையக் கல்வித் தளம் வழியாகவும் இந்த நிறுவனம் கற்பிக்கிறது. ஊரில் வேலையை விடாமல் படிக்க வேறு வழியில்லாதவர்களுக்கு இது பெரிய கதவு.

கையுறையைக் கழற்றத் தெரியுமா?

இதுவரை நல்ல செய்தி. இனிதான் சிக்கல்.

கவச உடையைப் போடுவதைவிடக் கழற்றுவது ஆபத்தானது. நோயாளியின் எச்சிலும் ரத்தமும் பட்டிருப்பது உடையின் வெளிப்பக்கத்தில். கையுறையின் வெளிப்புறத்தை வெறும் விரல் தொட்டுவிடக் கூடாது. முகக்கவசத்தின் முன்பக்கத்தைத் தொடாமல், பின்னால் இருக்கும் பட்டையைப் பிடித்து, கடைசியாகத்தான் கழற்ற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் கை சுத்தம். எட்டு மணி நேரம் வியர்வையில் ஊறிய ஒருவர், வீட்டுக்குப் போகும் அவசரத்தில், இதை வரிசை மாறாமல் செய்ய வேண்டும்.

அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் பகுதியில் நான்கு மருத்துவமனைகளின் ஊழியர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2015-ல் வெளியானது. கையுறையிலும் மேலங்கியிலும் ஒளிரும் திரவத்தைத் தடவி, கழற்றச் சொன்னார்கள். பிறகு புற ஊதா ஒளி தரும் கறுப்பு விளக்கில் பார்த்தால் 46 சதவீதம் முறை தோலிலோ உடையிலோ திரவம் ஒட்டியிருந்தது. இவர்கள் அனுபவம் இல்லாதவர்கள் அல்லர். தினமும் கையுறை போடுகிறவர்கள். அடுத்த கட்டமாக, ஒரு குழுவுக்கு வீடியோ பாடம் காட்டி, உடனே ஒளிரும் திரவத்தோடு கழற்றப் பழக்கி, எங்கே ஒட்டியிருக்கிறது என்று அவர்கள் கண்ணுக்கே காட்டினார்கள். அந்தக் குழுவில் 60 சதவீதமாக இருந்த பிழை 18.9 சதவீதமாக இறங்கியது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது 12 சதவீதம்.

வீடியோ அங்கே பாதி வேலையைச் செய்தது. மீதிப் பாதியைச் செய்தது அந்த விளக்கு. கவச உடை பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வும் இதே திசையைத்தான் காட்டுகிறது. வழக்கமான வகுப்பைவிட வீடியோ வகுப்பில் உடை அணியும் திறன் கூடுவதாகத் தெரிகிறது. ஆனால் வீடியோவையோ கையேட்டையோ மட்டும் கொடுப்பதைவிட, ஒருவர் நேரில் நின்று கற்றுக்கொடுத்தால் கழற்றும்போது விதிமீறல் குறைகிறது. கழற்றும் நேரத்தில் பக்கத்திலிருந்து ஒருவர் வாய்விட்டுப் படிப்படியாகச் சொன்னாலும் பிழைகள் குறைகின்றன.

இதை அமெரிக்கா அனுபவத்திலேயே தெரிந்துகொண்டது. 2014 அக்டோபரில் டல்லாஸ் நகர மருத்துவமனையில் எபோலா நோயாளியைக் கவனித்த இரண்டு செவிலியர்களுக்குத் தொற்று ஏற்பட்டது, இருவரும் பிழைத்தார்கள். அதன் பிறகு அந்நாட்டின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டுதலை மாற்றியது. தோலின் எந்தப் பகுதியும் வெளியே தெரியக் கூடாது. திரும்பத் திரும்பப் பழகித் தேறியிருக்க வேண்டும். போடும்போதும் கழற்றும்போதும் பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே நின்று பார்க்க வேண்டும். வசதிகளில் குறைவில்லாத ஒரு நாட்டின் மருத்துவமனைக்கே இந்தக் கூடுதல் ஜோடிக் கண்கள் தேவைப்பட்டன.

சான்றிதழுக்குப் பின்னால்

இணையப் பயிற்சியின் பெரிய ஆபத்து, அதை எண்ணுவது எளிது என்பதுதான். எத்தனை பேர் பதிந்தார்கள், எத்தனை பேர் சான்றிதழ் பெற்றார்கள் என்று திரையில் உடனே தெரிந்துவிடும். மாவட்டத்திலிருந்து இலக்கு வரும். இலக்கு முடிந்ததாக அறிக்கை போகும். வீடியோவை ஓடவிட்டு, கேள்விகளுக்கு விடையைப் பக்கத்தில் கேட்டு அழுத்தினாலும் சான்றிதழ் ஒன்றுதான். வார்டில் நோயாளி வரும்போது அந்தச் சான்றிதழ் எதையும் தடுக்காது.

இன்னொன்று நேரம். கிராம சுகாதாரச் செவிலியரின் நாள் கர்ப்பிணிப் பரிசோதனை, தடுப்பூசி முகாம், பதிவேடுகள், செயலிகளில் பதிவேற்றம் என்று ஏற்கெனவே நிரம்பி வழிகிறது. அவர் பயிற்சியை எப்போது படிப்பார்? பெரும்பாலும் இரவில், சமையல் முடிந்து, சொந்த செல்போனில், சொந்தச் செலவில் வாங்கிய டேட்டாவில். கொரோனா நாள்களில் அதே போன் பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்புக்கும் வேண்டியிருந்தது. உயிர் காக்கும் பயிற்சியை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிட்டு, படிக்கவில்லை என்று அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

மொழியும் கருவியும் அடுத்த தடை. இதில் பீகார் முன்பே ஒரு வழி காட்டியது. 2012-ல் பி.பி.சி. மீடியா ஆக்‌ஷன் அங்கே ‘மொபைல் அகாடமி’ என்ற பயிற்சியைத் தொடங்கியது. தாய் சேய் நலம் பற்றிய பாடம் முழுவதும் குரல். ‘டாக்டர் அனிதா’ என்ற கற்பனை மருத்துவர் பேசுவார். ‘ஆஷா’ எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர் சாதாரண பட்டன் போனில் கேட்பார். எண்ணை அழுத்தி விடை சொல்வார். ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம். 2016 ஜனவரியில் மத்திய அரசு இதைத் தேசியத் திட்டமாக ஏற்றது. கொள்ளைநோய்ப் பயிற்சிக்கும் இந்த வடிவம் அப்படியே பொருந்தும். ஒரு பணியாளருக்குப் புரியும் மொழியில், அவரிடம் இருக்கும் போனில், அவர் பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் பாடம் கேட்க முடிய வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பயிற்சிப் பட்டியலில் பெயரே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். நோயாளியின் வாந்தியைத் துடைப்பவர், படுக்கை விரிப்பை அள்ளுபவர், ஸ்ட்ரெச்சர் தள்ளுபவர், சவக்கிடங்கில் பணிபுரிபவர். பலர் ஒப்பந்த ஊழியர்கள். ஒப்பந்ததாரர் மாறினால் ஆளும் மாறிவிடுவார். நிபாவும் எபோலாவும் உடல் திரவங்கள் வழியாகப் பரவுகிற நோய்கள். அவற்றோடு அதிகம் புழங்குபவருக்குக் குறைந்த பயிற்சி என்பது கண்ணெதிரே இருக்கும் அநீதி.

மறுபடி மறுபடி

ஒருமுறை கற்றது நிலைப்பதும் இல்லை. நிபாவை முன்பே எதிர்கொண்ட கோழிக்கோட்டில் 2023 ஆகஸ்ட் இறுதியில் காய்ச்சலோடு ஒருவர் இறந்தபோது, அது நிபா என்ற சந்தேகம் உடனே எழவில்லை. செப்டம்பர் 11 அன்று இரண்டாவது மரணம் நிகழ்ந்த பிறகே தொற்று உறுதியானது. ஆறு பேருக்கு நோய். அவர்களில் ஒருவர் மருத்துவப் பணியாளர். அதன் பிறகு நடவடிக்கை வேகமாக இருந்தது. இரண்டு உயிரிழப்புகளோடு பரவல் நின்றது. 2018-ஐவிட இது எத்தனையோ மேல். ஆனாலும் முதல் நோயாளியிடம் அந்தச் சந்தேகம் மறுபடி நழுவியது. ஊழியர்கள் மாறுகிறார்கள், ஐந்து ஆண்டில் பயிற்சி மறந்துபோகிறது, தினம் நூறு காய்ச்சலைப் பார்ப்பவருக்கு நூற்றியோராவது காய்ச்சல் வேறு என்று தோன்றுவதற்கு யாராவது நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கான அடித்தளம் இந்தியாவில் இருக்கிறது. 2021 ஏப்ரலில் தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த சுகாதாரத் தகவல் தளத்தில் கிராம அளவிலான பணியாளர் சந்தேக நோயாளிகளைச் செல்போனிலிருந்தே பதியலாம். 33 நோய்களை அது கண்காணிக்கிறது. காய்ச்சலைப் பதிவுசெய்யும் அதே கருவியில், அந்தப் பகுதியில் அந்தப் பருவத்தில் எந்த நோயைச் சந்தேகிக்க வேண்டும் என்ற ஐந்து நிமிடப் பாடமும் வரலாம்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. பயிற்சி நேரத்தைப் பணி நேரமாகக் கணக்கிட வேண்டும். டேட்டா செலவை அரசு ஏற்க வேண்டும். பாடங்கள் தாய்மொழியில், குரல் வடிவிலும் இருக்க வேண்டும். வீடியோ பார்த்து முடித்தவருக்கு அதே வாரத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கவச உடை போட்டுக் கழற்றும் ஒத்திகை நடக்க வேண்டும். அதில் தேறிய பிறகே சான்றிதழ் தர வேண்டும். ஒளிரும் திரவமும் கறுப்பு விளக்கும் வாங்க மாவட்டத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் போதும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பழகிய உடை ஸ்டோர் ரூமில் இருப்பில் இருக்கவும் வேண்டும். உடை இல்லாத ஊரில் கழற்றும் பாடத்தால் பயனில்லை.

கேரளத்தில் இதுவரை நிபா தலைகாட்டிய சம்பவங்கள் பெரும்பாலும் மே முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான். நோய் வரும் பருவம் தெரிந்திருப்பதால் பயிற்சிக்கு நாள் குறிக்க முடியும். கேரளத்திலும், அதையொட்டிய கோவை, நீலகிரி, தேனி, தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் ஏப்ரலுக்குள் ஒத்திகைகள் முடிந்திருக்க வேண்டும். ஒத்திகைக்கு வருவோர் பட்டியலில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களின் பெயர்களையும் சேர்த்து, அதற்கான சுற்றறிக்கையை மாவட்ட சுகாதார அலுவலகங்கள் இப்போதே அனுப்பலாம்.